குதிகால் படுகிற இடம்

பேகம்பூர், திண்டுக்கல்
9 ஜூலை 1961

அன்புள்ள அண்ணனுக்கு, அப்பாஸ் சலாம் சொல்லி எழுதுவது.

அம்மா, நான், கடை மூன்று பேரும் அல்லாஹ் கிருபையில் ஓடிக்கொண்டிருக்கிறோம். அதிலும் கடை கொஞ்சம் வேகமாகவே ஓடுகிறது. அதற்குக் காரணம் நீங்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சொல்லிவிடுகிறேன், அடிக்க வரக்கூடாது. மார்ச்சில் லீவுக்கு வந்தபோது தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டீர்களே, அப்போது தொப்பியில் இருந்த பட்டாளச் சின்னத்தை மெழுகில் ஒற்றி எடுத்துக்கொண்டேன். பூட்டுப் பட்டறை உடையப்பன் பதினைந்து நாள் உட்கார்ந்து அதைப் பித்தளையில் அச்சாக வெட்டிக் கொடுத்தான். சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரிகிறது. நடுவில் ஒரு கோட்டைக் கதவு பாதி திறந்திருக்கிறதே, அதை மட்டும் அடைத்துவிடப் பார்த்தான். பூட்டு செய்கிறவனுக்குத் திறந்த கதவைக் கண்டால் கை அரிக்கும் போல. அண்ணன் பட்டாளத்துக் கதவு, அது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது நம் கடையில் தைக்கிற ஒவ்வொரு செருப்பிலும் அந்த முத்திரை இருக்கிறது. குதிகால் படுகிற இடத்தில் அத்தா பெயரை அடிப்போமே, அதே இடம். அத்தா பெயரை எடுத்துவிட்டுத்தான் இதை அடித்தேன். அம்மாவிடம் கேட்காமல் செய்யவில்லை. அத்தா இருந்தால் அவரே செய்திருப்பார் என்றார்கள். சின்னாளப்பட்டியிலிருந்தும் ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் வருகிறவர்கள் பட்டாளத்துச் செருப்பு இருக்கா என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

நவம்பரில் உங்கள் பட்டாளம் புதுக் கொடி வாங்கும்போது கொடிக்குப் பக்கத்தில் நடக்க உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொல்லியாகிவிட்டது. இன்னொரு தரம் எழுதினால் இன்னொரு தரம் சொல்வார்கள்.

உங்கள் தம்பி,
அப்பாஸ்


அம்பாலா
2 செப்டம்பர் 1961

அப்பாஸுக்கு,

உன் கடிதம் வந்தவுடனே பதில் எழுதியிருக்க வேண்டும். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

என் பிளட்டூனில் பொம்மையன் என்று ஒரு சிப்பாய். ரெட்டியார்சத்திரம் பக்கம். அவனுக்கு ஊரிலிருந்து பார்சலில் ஒரு ஜோடி செருப்பு வந்திருக்கிறது. சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் கட்டிலுக்குக் கீழே காலணிகளை வரிசையாக வைத்தாக வேண்டும். சுபேதார் மேஜர் சாகிப் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். குதிகால் வியர்வையில் கறுத்துப்போன இடத்தில் எங்கள் சின்னம் இருந்தது. பாராக்கில் முப்பது பேர் நின்றோம்.

அது என்ன என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். மேலே சிங்கம். 1950 வரைக்கும் அந்த இடத்தில் கிரீடம் இருந்தது. குடியரசு ஆன ஜனவரியில் பழையதைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு இதைக் குத்திக்கொண்டோம். இரண்டு பக்கமும் வாகை. நடுவில் கதவு. அந்தக் காலத்தில் ஒரு கோட்டையில் எதிரி துரத்திக்கொண்டு வரும்போது, வெளியே போன தன் ஆட்களில் கடைசி ஆள் உள்ளே வருகிறவரை இந்தப் பட்டாளம் கதவை அடைக்கவில்லை. அதனால்தான் பாதி திறந்திருக்கிறது. ரெக்ரூட்டாகச் சேர்கிற ஒவ்வொருத்தனும் இதை ஒப்பிக்க வேண்டும். சத்தியப் பிரமாணம் எடுக்கிறவரை அவன் தொப்பியில் வெறும் துணிதான்.

இடுப்புக்குக் கீழே அது வரக்கூடாது. விற்கிற பொருளில் வரக்கூடாது. எங்கள் மெஸ் வாசலில் தரைக் கல்லில் செதுக்கியிருக்கிறது, சுற்றிலும் கயிறு கட்டியிருப்பார்கள். கமாண்டிங் ஆபீசரே சுற்றிக்கொண்டுதான் போவார். சண்டையில் ஒருத்தன் விழுந்தால் அவன் தொப்பியிலிருந்து அதைக் கழற்றி எடுத்துவர வேண்டும். எதிரி கைக்குப் போகக்கூடாது. நீ அதைக் காலுக்குக் கீழே போட்டு மிதிக்கக் கொடுத்திருக்கிறாய்.

செருப்பு எந்த ஊர் என்று கேட்டார்கள். திண்டுக்கல் என்றேன். கடை யாருடையது என்று கேட்டார்கள். என் தம்பியுடையது என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. கொடி அணிவகுப்புப் பட்டியலில் மறுநாள் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். பதினேழு வருஷ சர்வீஸ் எனக்கு.

அச்சை உடை. மிச்சம் இருக்கிற செருப்பை எரி. எனக்கு எழுதாதே.

நூர் முகமது


பேகம்பூர்
15 செப்டம்பர் 1961

அண்ணனுக்கு,

அச்சு உடைந்தது. உடையப்பனே சம்மட்டி எடுத்து உடைத்தான். கடையில் இருந்ததை எல்லாம் எரித்துவிட்டேன். தோல் எரிகிற நாற்றம் மூன்று தெருவுக்குப் போனது. அம்மா ஏன் என்று கேட்டார்கள். பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். கொடி விஷயத்தையும் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பட்டாளத்தில் பிறந்தவர் இல்லை. என்னோடு இதே பட்டறையில் தோலை இழுத்து ஆணி அடித்தவர். குதிகால் படுகிற இடம் நமக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். செருப்பில் வேறு எந்த இடத்திலும் அத்தா தன் பெயரைப் போட்டதில்லை. ஆள் முழு பாரத்தையும் இறக்குகிற இடம் அதுதான், தாங்குகிறேன் என்று சத்தியம் செய்கிறவன் அங்கேதான் கையெழுத்துப் போடுவான் என்பார். முப்பது வருஷம் ஊர் உலகமெல்லாம் அத்தா பெயரை மிதித்து நடந்தது. அதை ஒரு நாளாவது அவமானம் என்று நினைத்தீர்களா? நம்மிடம் இருப்பதிலேயே பெரிய இடம் அது. அத்தாவை நகர்த்திவிட்டு உங்களை உட்கார வைத்தேன். அது குற்றம் என்றால் குற்றவாளி நான்தான்.

ஒன்று கேட்கிறேன். சின்னம் செருப்பில் வந்தது வெட்கமா, செருப்புக் கடைக்காரன் என் தம்பி என்று முப்பது பேர் முன்னால் சொல்ல நேர்ந்தது வெட்கமா? பதினெட்டு வயதில் தோல் நாற்றம் பிடிக்காமல் ரயில் ஏறியவர் நீங்கள். அத்தாவையும் பட்டறையையும் என் தலையில் விட்டுவிட்டுப் போனீர்கள். நான் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

அப்பாஸ்


பேகம்பூர்
20 பிப்ரவரி 1962

அண்ணனுக்கு,

நீங்கள் பதில் போடமாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். சென்ற கடிதத்தில் கடைசியில் எழுதியதை எழுதியிருக்க வேண்டாம். தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்கப் பார்த்தேன், கை போகவில்லை.

விற்றுப்போன செருப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சைக்கிளில் புதுச் செருப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். பழையதைக் கொடுங்கள், புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், ஊரில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். காந்திகிராமத்தில் ஒரு வாத்தியார் அந்தத் துண்டை மட்டும் கத்தியால் அறுத்துக் கொடுத்தார். இன்னொருவர் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த நாயையும் தேடினேன். இன்னும் ஏழு ஜோடிதான் பாக்கி.

போன வாரம் ரெட்டியார்சத்திரம் பக்கம் மூக்காயி என்கிற அம்மாவைப் பார்த்தேன். களை எடுத்துப் பிழைக்கிறவர். ஒற்றை ஆள். உங்கள் பொம்மையனின் தாய் அவர்தான். செருப்பை வாங்கி அனுப்பியது அவர்தான். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"நான் செருப்புப் போட்டதே இல்ல தம்பி. எம் மவன் போட்டாவுல தொப்பியில இருக்குற அதே படம் உங்க கடைச் செருப்புல இருந்துச்சு. அவனுக்குன்னே செஞ்சு வச்சாப்புல இருந்துச்சு. அதான் வாங்கி அனுப்புனேன்" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். அந்த அம்மா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். என்னால எம் புள்ளைக்குத் தண்டனை கிடைச்சிருச்சா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவன் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லையாம். உங்களிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்காக வேண்டாம். அவருக்காக ஒரு வரி எழுதுங்கள்.

அப்பாஸ்


கேர் ஆப் 56 ஏ.பி.ஓ.
18 செப்டம்பர் 1962

தம்பி அப்பாஸுக்கு,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். உன் இரண்டு கடிதமும் பையில்தான் இருக்கின்றன. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் எழுதவில்லை. இரண்டும்தான் வெட்கம். எது கூட, எது குறைச்சல் என்று எனக்கே தெரியவில்லை.

பொம்மையனுக்குத் தண்டனை கிடைத்ததா என்று அந்த அம்மா கேட்டிருந்தார். பட்டாளம் தண்டிக்கவில்லை. நான் அடித்தேன். சுபேதார் மேஜர் சாகிப் போன பிறகு, எல்லார் முன்னாலும், கன்னத்தில். செருப்பு யார் கொடுத்தது என்று கேட்டேன். "வீட்ல இருந்துண்ணே" என்றான். வீட்டில் யார் என்று சொல்லவில்லை. தாயைச் சொல்லக்கூடாது என்று வாங்கிக்கொண்டான். இதை உன் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஹவில்தார் சிப்பாயிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவன் இப்போது என் செக்‌ஷனில்தான் இருக்கிறான். காலையில் எனக்கு முதல் டீ அவன்தான் கொண்டு வருகிறான்.

எங்கே இருக்கிறோம் என்று எழுதக்கூடாது. மலை. குளிர் என்றால் நம் சிறுமலைக் குளிர் இல்லை. தொப்பியில் சின்னம் இருக்கிறது, தினமும் துலக்குகிறோம். காலில் கான்வாஸ் ஷூ. கனத்த பூட்ஸ் வருகிறது வருகிறது என்கிறார்கள். இன்னும் மேலே போகச் சொல்கிறார்கள்.

எழுதாதே என்று சொன்னவன் கேட்கிறேன். நாங்கள் பதினோரு பேர். ஒவ்வொருத்தனையும் காகிதத்தின் மேல் நிற்க வைத்துப் பென்சிலால் கால் வரைந்து பெயர் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மொத்தமான காலுறை போட இடம் விட்டுச் செய். பொம்மையனுடையதை முதலில் செய். அவன் விரல் இப்போதே மரத்துப் போகிறது, சொல்லமாட்டேன் என்கிறான்.

அம்மாவிடம் குளிர் பற்றிச் சொல்லாதே.

நூர் முகமது


பேகம்பூர்
7 அக்டோபர் 1962

அன்புள்ள அண்ணனுக்கு,

பதினோரு ஜோடியும் முடிந்துவிட்டது. இன்று காலை ரயில் பார்சலில் போட்டுவிட்டேன். எருமைத் தோல், உள்ளே செம்மறி ரோமத்தோடு வைத்துத் தைத்தது. அம்மா ரோமத்தை அலசி உலர்த்தினார்கள். குளிர் பற்றி நான் சொல்லவில்லை. ரோமத்தைப் பார்த்து அவர்களே தெரிந்துகொண்டார்கள். உடையப்பன் ஆணி அடித்தான். அந்தப் பதினோரு காகிதத்தையும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பத்து நாளாக அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டேதான் சோறு சாப்பிட்டேன்.

குதிகால் படுகிற இடத்தில் ஒன்றும் அடிக்கவில்லை. அத்தா பெயரும் இல்லை. இனிமேல் அங்கே எதை அடிப்பது என்று நீங்கள் வந்து சொல்லுங்கள்.

மூக்காயி அம்மாவிடம் தண்டனை ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அடித்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பொம்மையனிடம் கேட்டுவிடுங்கள் அண்ணே. பூட்ஸைக் கையில் கொடுப்பீர்கள் இல்லையா, அப்போது கேட்டுவிடுங்கள். ஒரு பொருளைக் கொடுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பது சுலபம். நான் ஏழு மாதம் செருப்பைக் கொடுத்துக்கொண்டே கேட்டவன், எனக்குத் தெரியும்.

அப்பாஸ்


ராணுவ ஆஸ்பத்திரி
14 டிசம்பர் 1962

தம்பிக்கு,

இதை நான் சொல்லச் சொல்லப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற நாயக் ஒருவர் எழுதுகிறார். என் கைவிரல் இன்னும் பேனா பிடிக்கவில்லை. இரண்டு காலிலும் விரல்களை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். என் கால் அளவு இனிமேல் உனக்குத் தெரியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

பூட்ஸ் எங்களுக்கு வந்து சேரவில்லை.

பொம்மையன் இல்லை. நவம்பர் 23. சீனாக்காரனோடு சண்டை நின்றுவிட்டது என்று அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ரேடியோவில் சொன்னார்களாம். பின்வாங்கி மலைக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்த எங்களுக்கு அது தெரியாது. குளிரில் அவன் கால் இரண்டும் கறுத்துவிட்டது. கடைசி நாள் அவனால் நடக்க முடியவில்லை. முதுகில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மாவுக்குக் காணவில்லை என்றுதான் தந்தி போயிருக்கும். காணாமல் போகவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். நீ நேரில் போய்ச் சொல். தந்தியை நம்பிக்கொண்டு காத்திருக்க விடாதே. நான் அவனை அடித்தேன் என்பதையும் சொல். மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் சொல். மறைக்காதே.

நூர் முகமது


பேகம்பூர்
30 டிசம்பர் 1962

அண்ணே,

உங்கள் கடிதம் வந்த அன்று அம்மா அழுதார்கள். பிறகு எழுந்து, புள்ள உசுரோட இருக்கான், நீ முதல்ல அந்தப் பொம்பளையப் போய்ப் பாரு என்றார்கள். போனேன்.

தந்தியை அவர் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். காணவில்லை என்றால் தேடுகிறார்கள் என்று அர்த்தம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், கெடச்சுட்டானா தம்பி என்று எழுந்து வந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதமாக அந்த அம்மா தினமும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். நான் போய் அதையும் நிறுத்திவிட்டு வந்தேன்.

அவர் அழவில்லை. பிறகு நீங்கள் அடித்ததைச் சொன்னேன். தாயைச் சொல்லக்கூடாது என்றுதான் அவன் அடி வாங்கினான் என்றும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடிச்ச கையி எம் புள்ளைக்கு ஒரு பிடி மண்ணு போட்டுச்சான்னு மட்டும் கேட்டு எழுதுங்க தம்பி. போட்டுச்சுன்னா அடிச்சத நான் மறந்துர்றேன்."

அண்ணே, என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை என்பதை மட்டும் பார்த்தேன். நடந்தது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், போட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் உங்கள் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். அந்த ஒரு வரியில் அவரும் தூங்குவார், நீங்களும் தூங்கலாம். அல்லாஹ் இதற்காக உங்களைப் பிடிக்கமாட்டான். பிடித்தால் கேட்டவன் நான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பார்சல் டிசம்பர் மூன்றாம் தேதியே திரும்பி வந்துவிட்டது. கட்டிய கயிறு கட்டியபடி இருக்கிறது.

அப்பாஸ்


ராணுவ ஆஸ்பத்திரி
11 ஜனவரி 1963

தம்பி அப்பாஸுக்கு,

இது என் கையெழுத்து. கோணலாகத்தான் வருகிறது.

நீ கேட்ட ஒரு வரியை எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எழுத வரவில்லை என்று இல்லை, நன்றாகவே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மண் போடவில்லை.

விடிந்து கொஞ்ச நேரத்தில் முதுகிலேயே அவன் இறந்திருக்கிறான். நான் அது தெரியாமல் இன்னும் ஒரு மேடு ஏறியிருக்கிறேன். ஒரு பாறை ஓரமாக இறக்கினேன். மண் கல்லாக இருந்தது. மற்றவர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள், தூரத்தில் முதுகுதான் தெரிந்தது. தொப்பியிலிருந்து சின்னத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். அது உத்தரவு. பின்னால் இருக்கிற ஊசி உறைந்து ஒட்டியிருந்தது, என் விரல் எனக்கு அடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. கழற்றி முடித்து நிமிர்ந்தபோது முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள். பயந்து எழுந்து ஓடினேன்.

அந்த நேரத்தில் சுற்றிக் கிடந்த கல்லை எடுத்து அவன்மேல் வைத்திருக்கலாம். முழுக்க மூட முடியாவிட்டாலும் முகத்தையாவது மூடியிருக்கலாம். சின்னத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அவனை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

அது என் சட்டைப் பையில் இருக்கிறது. ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்றேன். பதினெட்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய். அந்த அம்மாவிடம் கொடுப்பதா, கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டாதே. இருபத்தாறாம் தேதி காலை வண்டியில் திண்டுக்கல் வருகிறேன். கட்டை ஊன்றித்தான் இறங்க முடியும், பஸ் படி ஏற வராது. ஜட்கா வண்டி ஒன்று பேசி வை. அம்மாவிடம் சாயங்காலம் வருவதாகச் சொல். ரெட்டியார்சத்திரம் போய்விட்டுத்தான் வீடு.

நான் சொல்லி முடித்த பிறகு அவர் என்னை என்ன சொன்னாலும், என்ன செய்தாலும் நீ குறுக்கே பேசாதே. பக்கத்தில் நின்று என்னைப் பிடித்துக்கொள். எனக்கு இன்னும் தனியாக நிற்க வரவில்லை.

உன் அண்ணன்,
நூர் முகமது